"வன்முறை இல்லை" என்றே எல்லோரும் சொன்னால்?

வணக்கம். உங்கள் ஆய்வுக்காக வால்பாறைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் (ஒட்டியொட்டி வரிசையாக உள்ள குடியிருப்புகள்) 40 பெண்களிடம் பேசியும், "வீட்டில் வன்முறை உண்டா?" என்ற கேள்விக்கு எல்லோரும் "இல்லைங்க" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கோளாறு கேள்வியில்தான். "வன்முறை" நம் ஆய்வேட்டுச் சொல். அங்கே அது "குடிச்சா ரெண்டு அடி". தேசியக் குடும்பநல ஆய்வில் அந்தச் சொல்லை நம்பாமல் அறைந்தாரா, தள்ளினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா என்று ஒவ்வொரு செயலாகக் கேட்பார்கள். அதுவும் ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், தனிமை கிடைத்தால் மட்டும். லைன் வீட்டில் தடுப்புச் சுவர் இருமலைக்கூட மறைக்காது. மாமியார் பக்கத்தில் இருக்க யார் வாய் திறப்பார்?

வெளியில் "பெண்கள் நலம் பற்றிய ஆய்வு" என்றே சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2001 வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. யாராவது வந்தால் பேச்சை மாற்ற, தூக்கம், முதுகுவலி பற்றி நாலு கேள்வி கையில் இருக்கட்டும். பேசும் இடத்தைத் தோட்டச் சூப்பர்வைசர் ஏற்பாடு செய்ய விடாதீர்கள். சிலருக்குத் தொல்லையே அவர்தான்!

பெண்களுக்கான உதவி எண் 181-ஐத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள், கணவர் கண்ணில் படும். வாயால் சொல்லுங்கள். பழைய 40 பேரிடம் உடனே திரும்பப் போக வேண்டாம், அடுத்த லைனில் தொடங்குங்கள்.