வால்யூமைக் கூட்டினால் ‘டக்’ சத்தம்: பழுது பொத்தானில் இல்லை

லினக்ஸ் மடிக்கணினியில் கொஞ்ச நேரம் ஒலி இல்லாமல் இருந்த பிறகு வால்யூமைக் கூட்டினால் ‘டக்’ என்கிறது, செய்தியின் ‘வணக்கம்’ ‘ணக்கம்’ என்று கேட்கிறது என்கிறீர்கள். அது ஒலிச் சிப் உறங்கி விழிக்கும் சத்தம். அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவரில், எத்தனை விநாடி சும்மா இருந்தால் சிப் உறங்கலாம் என்று சொல்லும் பவர் சேவ் மதிப்பு இருக்கிறது. அதை 0 ஆக்குங்கள், சிப் உறங்காது, சத்தம் நின்றுவிடும்.

எதுவும் ஒலிக்காவிட்டால் லினக்ஸில் ஒலியைக் கையாளும் மென்பொருளான பல்ஸ்ஆடியோவோ பைப்வயரோ வழக்கமாக 5 விநாடியில் ஒலிக் கருவியை விட்டுவிடும். அதன்பின் லினக்ஸின் இன்டெல் எச்டி ஆடியோ டிரைவர் சிப்பை அணைக்கிறது. அது எழும்புவதற்குள் முதல் அசை போய்விடுகிறது.

மாற்றுமுன் ஒரு சோதனை: பாட்டொன்றை மிகத் தாழ்வாக ஓடவிட்டு வால்யூமை ஏற்றி இறக்குங்கள். ‘டக்’ வராவிட்டால் காரணம் இதுதான்.

பேட்டரியைச் சேமிக்கும் மென்பொருளான டிஎல்பி நிறுவியிருந்தால் மதிப்பை அங்கே மாற்றுங்கள். மின்னிணைப்புக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று என இரண்டு இருக்கும். வெள்ளவத்தையில் மின்சாரம் நின்ற இரவுகளில் மட்டும் என் மடிக்கணினி இப்படி ‘டக்’ என்றது. பேட்டரிக்கான மதிப்பு 1, அதாவது ஒரே விநாடியில் உறக்கம்! அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கிழமை பிடித்தது, ஆகவே இரண்டையும் பாருங்கள். டிஎல்பி இல்லையென்றால் டிரைவர்களை ஏற்றும் மாட்ப்ரோப் கருவியின் அமைப்புக் கோப்பில் அந்த மதிப்பை எழுதுங்கள். தற்காலிகமாக மாற்றினால் மறுதொடக்கத்தில் பழைய மதிப்பே திரும்பும்.

பேட்டரி சற்று விரைவாகக் குறையும். யூஎஸ்பி ஹெட்செட்டுக்கு இந்த மதிப்பு பயன்படாது. பாட்டு ஓடும்போதும் கரகரத்தால் முதலில் வயரையும் பிளக்கையும் மாற்றிப் பாருங்கள்.