பக்கவாதம் வந்த அம்மாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது எப்படி?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 67, எடை 62 கிலோ. ஆறு வாரங்களுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. படுக்கையிலேயே விடாமல் தினமும் நாற்காலிக்கு மாற்றச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி வீல்சேரில் உட்கார வைக்கிறோம். இப்போது எனக்கு இடுப்பில் கடுமையான வலி. அம்மாவும் இடது தோள் வலிக்கிறது என்கிறார். சென்ற வாரம் மாற்றும்போது கால் மடங்கிக் கீழே விழப்போனார். சொன்னால் புரிந்துகொள்கிறார், வலது கையும் காலும் நன்றாக இருக்கின்றன. அவரைப் பாதுகாப்பாக மாற்ற என்ன வழி?

பதில்: உங்கள் இடுப்பு வலி, அம்மாவின் தோள் வலி, அவர் விழப்போனது மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது. அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

தோள் மூட்டின் கிண்ணம் ஆழமில்லாதது. மேற்கை எலும்பின் தலையை அதில் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் சுற்றியுள்ள தசைகளே. பக்கவாதத்தில் அவை தளர்ந்த பிறகு, கையின் எடையே மூட்டைக் கீழே இழுக்கத் தொடங்கிவிடும். அந்தத் தோளை அக்குளில் பிடித்துத் தூக்கினால் எலும்பின் தலை பாதி விலகலாம், தசைநாண் கிழியலாம், அக்குள் வழியே செல்லும் நரம்புகள் நசுங்கலாம். வலிக்குப் பயந்து கையை அசைக்காமலேயே வைத்திருந்தால் மூட்டு இறுகிப்போகும். பிறகு பயிற்சி செய்வதே கடினமாகிவிடும்.

உங்கள் முதுகின் கணக்கையும் பாருங்கள். ஒருவர் கையால் தாங்கக்கூடிய நோயாளி எடைக்கு, தொழில்சார் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2007-இல் வகுத்த உச்ச அளவு சுமார் 16 கிலோ. அதுவும் நோயாளி ஒத்துழைத்து, சுமை உங்கள் உடலை ஒட்டி, முதுகு வளையாமல் இருக்கும்போது மட்டுமே. 62 கிலோவை இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு 31 கிலோ. அளவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. முழங்காலை மடக்கித் தூக்கினால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். தூக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பதால் மட்டும் முதுகுவலி குறைவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சுமையையே குறைப்பதுதான் வழி. நல்ல வேளையாக, அம்மாவின் வலது பாதி உழைக்கத் தயாராக இருக்கிறது. எழுவது அவர் வேலை. வழிகாட்டுவதும் இடது முழங்காலைக் காப்பதும் உங்கள் வேலை.

ஒவ்வொரு முறையும் மாற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் சோதித்துப் பாருங்கள். காலையில் முடிந்தது மாலையில் களைப்பினால் முடியாமல் போகலாம். முதலில், கட்டில் ஓரத்தில் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்து, வலது கையை எதிரே நிற்கும் உங்களை நோக்கி நீட்ட முடிகிறதா? அடுத்து, வலது முழங்காலை நேராக நீட்டிப் பாதத்தை மேலும் கீழும் அசைக்க முடிகிறதா? மூன்றாவது, இடுப்பைப் படுக்கையிலிருந்து சற்று உயர்த்தி, ஐந்து நொடி தாங்க முடிகிறதா? முதல் இரண்டில் தடுமாறினால் அந்த வேளை நின்று மாறும் முயற்சியே வேண்டாம். மூன்றாவதில் தடுமாறினால் நிற்க வைக்காமல், கடைசியில் சொல்லும் கருவியைப் பயன்படுத்துங்கள்.

படுத்த நிலையிலிருந்து எழ, கட்டிலின் வலது ஓரம் வசதி. அம்மா வலது கையால் இடது கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொள்ளட்டும். இரு முழங்கால்களையும் மடக்கி (இடது காலுக்கு நீங்கள் உதவலாம்) வலது பக்கமாகப் புரள வேண்டும். நீங்கள் பிடிக்க வேண்டியது இடது தோள்பட்டை எலும்பின் பின்புறமும் இடுப்பும்; கையை அல்ல. கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டபடியே, அவர் வலது முழங்கையை ஊன்றி, பிறகு உள்ளங்கையை ஊன்றி எழும்ப வேண்டும். கால்களின் எடை கீழே இறங்கும்போது உடல் தானாகவே மேலே வரும்.

உட்கார்ந்தவுடன் நிற்க வைக்க வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் பாதம் தரையில் பதிந்தபடி இருக்கட்டும். கணுக்காலை அசைக்கச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் படுத்திருந்தவர்களுக்கும் ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் எழும்போது அழுத்தம் சட்டெனக் குறையலாம். வீட்டில் பி.பி. கருவி இருந்தால் வலது கையில் பாருங்கள்: படுத்து ஐந்து நிமிடம் கழித்து ஒரு முறை, நின்றபின் 1-வது நிமிடத்திலும் 3-வது நிமிடத்திலும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தாலோ, கண் இருட்டினாலோ படுக்க வையுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் அந்த அளவுகளைக் காட்டுங்கள்.

இனி நாற்காலி. அது எப்போதும் நல்ல பக்கத்தில், அதாவது அம்மாவின் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். கட்டிலின் வலது ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தலைமாட்டுப் பக்கம். நாற்காலி கால்மாட்டைப் பார்த்தபடி, கட்டிலோடு 30 முதல் 45 டிகிரி சாய்வில் நிற்கட்டும். இரண்டு பிரேக்குகளையும் போட்டு, நாற்காலியைத் தள்ளிப் பார்த்து உறுதிசெய்யுங்கள். கால்மிதிகளை மடக்கினால் மட்டும் போதாது; பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள் அல்லது கழற்றிவிடுங்கள். கெண்டைக்காலில் காயம்படுவதும், மிதிமேல் கால் பட்டு நாற்காலி முன்னால் கவிழ்வதும் இதனால்தான். சிறுநீர்க் குழாய் இருந்தால் பையை முன்கூட்டியே காலிசெய்து, சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழேயே இருக்கும்படி நாற்காலிப் பக்கம் மாற்றிவிடுங்கள். வெறும் காலுறையுடன் நிற்க வைக்காதீர்கள்; குதிகாலை மூடிய, வழுக்காத செருப்போ ஷூவோ வேண்டும்.

பிடித்துக்கொள்ள டிரான்ஸ்ஃபர் பெல்ட் ஒன்று வாங்கிவிடுங்கள். கைப்பிடிகள் உள்ள அகலமான பட்டை அது. ஆடைக்கு மேல், இடுப்பில், இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்குங்கள். வயிற்றில் உணவு செலுத்தும் குழாய், அண்மையில் வயிற்று அறுவை சிகிச்சை, விலா எலும்பு முறிவு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கட்டக் கூடாது. இந்தப் பட்டை வழிகாட்டத்தான். அதைப் பிடித்துத் தூக்கினால் அக்குளில் தூக்குவதைப்போலவே ஆபத்து.

அம்மா இடுப்பை மாற்றி மாற்றி நகர்த்திக் கட்டில் விளிம்புக்கு வரட்டும். பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால், இடுப்பகல இடைவெளியில் பதிய வேண்டும். நீங்கள் அவருடைய இடது பக்கத்தில், சற்று முன்னால் நின்று, உங்கள் முழங்காலை அவருடைய இடது முழங்காலுக்கு முன்னால் அணைகொடுங்கள். ஒரு கை பெல்ட்டில், மற்றது இடுப்பில். அவர் வலது கையைக் கட்டிலில் ஊன்றி, முன்னால் குனிய வேண்டும். மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை குனிய வேண்டும். இங்கேதான் அநேகமாக எல்லோரும் தவறுகிறார்கள். உதவுபவர் நேர் எதிரே ஒட்டி நின்றால் நோயாளியால் குனியவே முடியாது. எடை இடுப்பிலேயே தங்கிவிடும். அப்போது தூக்குவதைத் தவிர உங்களுக்கு வேறு வழி இருக்காது. குனிந்து எடை பாதத்துக்கு வந்துவிட்டால் இடுப்பு தானாக மேலெழும். உங்கள் கழுத்தைக் கட்டிப்பிடிக்க அனுமதிக்க வேண்டாம்.

"ஒன்று, இரண்டு, எழுந்திருங்கள்" என்று ஒருவர் மட்டும் சொல்லுங்கள். எழுந்ததும் நிலைகொள்ளட்டும். பிறகு சிறு சிறு அடிகளாக வலப்பக்கம் நகர்ந்து, முதுகு நாற்காலியை நோக்கும்படி திரும்பி, நாற்காலியின் தொலைவில் உள்ள கைப்பிடியை வலது கையால் பற்ற வேண்டும். தொடையின் பின்புறம் இருக்கையில் பட்ட பிறகே, மீண்டும் முன்னால் குனிந்து மெல்ல உட்கார வேண்டும். தம்பி நாற்காலிக்குப் பின்னால் நின்று அதை நிலைப்படுத்தலாம். எந்தக் கட்டத்திலும் நீங்கள் சுமப்பதாக உணர்ந்தால், அப்படியே திரும்ப உட்கார வைத்துவிடுங்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை.

கட்டிலுக்குத் திரும்பும்போது நாற்காலி அதே இடத்தில் இருந்தால் கட்டில் இடது பக்கம் வந்துவிடும். ஆகவே நாற்காலியைத் திருப்பி, தலைமாட்டைப் பார்த்தபடி கட்டிலின் கீழ்ப்பகுதி அருகே நிறுத்துங்கள். கட்டில் மறுபடியும் வலது கைப்பக்கம் வரும்.

இடது பக்க பலவீனம் உள்ளவர்களிடம் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மூளையின் வலப்பாதி பாதிக்கப்பட்டிருந்தால், சிலருக்கு இடப்பக்கம் இருப்பதே மனதில் பதியாது. இடது பிரேக்கைப் போட மறப்பார்கள். இடது கை சக்கரத்தில் சிக்கியிருப்பது தெரியாது. முடியாததை முடியும் என்று எழுந்துவிடுவார்கள். அம்மாவிடம் இந்த அறிகுறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இடது பிரேக்கை நீங்களே சரிபாருங்கள், இடது கையை மடியில் ஒரு தலையணைமேல் வையுங்கள், தனியே விடாதீர்கள். அவசரமாகக் கழிப்பறைக்குப் போகத் தானே எழும்போதுதான் பலர் விழுகிறார்கள். எனவே கேட்கும்வரை காத்திராமல் குறித்த நேரங்களில் அழைத்துச் செல்லுங்கள்.

படுக்கையில் அவர் கீழே சரிந்துவிட்டால் அக்குளில் பிடித்து மேலே இழுக்கும் பழக்கமும் வேண்டாம். தலைப்பகுதியைத் தட்டையாக்கி, அம்மா வலது முழங்காலை மடக்கி, பாதத்தை ஊன்றி, இடுப்பை உயர்த்தித் தன்னைத்தானே மேலே தள்ளட்டும். முதுகுக்கு அடியில் ஸ்லைடு ஷீட் என்ற வழுக்கும் நைலான் விரிப்பை இரண்டு அடுக்காகப் போட்டால் உராய்வு வெகுவாகக் குறையும். வேலை முடிந்ததும் உருவி எடுத்துவிடுங்கள். விட்டுவிட்டால் அவரே வழுக்கி விழுவார். சாதாரணப் போர்வையை வைத்து இழுத்தால் முதுகுத்தண்டின் அடிப்பகுதித் தோல் உரசிப் படுக்கைப்புண் தொடங்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றி, 30 டிகிரி சாய்வில் தலையணை கொடுத்து, குதிகால்கள் மெத்தையில் படாதபடி வையுங்கள். தோலில் சிவப்போ கருமையோ தெரியும் இடத்தை அழுத்திப் பாருங்கள். நிறம் மாறவில்லை என்றால் புண்ணின் தொடக்கம். கருநிறத் தோலில் நிறத்தைவிட வெப்பமும் கடினத்தன்மையுமே தெளிவாகத் தெரியும்.

விழப்போனால் பிடித்து நிறுத்த முயலாதீர்கள். பெல்ட்டைப் பிடித்து, உங்கள் ஒரு காலை முன்னே வைத்து, அதன்மேல் சரிந்து இறங்கும்படி தரைக்கு இறக்குங்கள். தலையை மட்டும் காப்பாற்றுங்கள். உடனே தூக்க வேண்டாம். இடுப்பில் வலியோ, ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ இருந்தால் அசைக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்துக்கொண்டிருந்து தலையில் அடிபட்டிருந்தால், நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.

நிற்கும் பலம் வரும்வரை ஹாய்ஸ்ட் என்ற தூக்கும் கருவியை வாடகைக்குக்கூட எடுக்கலாம். துணித் தொட்டில் போன்ற ஸ்லிங்கின் தையலும் கொக்கிகளும் ஒவ்வொரு முறையும் பார்க்கப்பட வேண்டும். இருபுறமும் ஒரே நிற வளையத்தில் மாட்ட வேண்டும். சில சென்டிமீட்டர் தூக்கி நிறுத்தி, கொக்கி சரியா என்று பார்த்த பிறகே மேலே தூக்குங்கள். கருவியின் அடிக்கால்கள் விரிந்திருக்கட்டும். பெரும்பாலான மாடல்களில் தூக்கும்போது கருவியின் பிரேக்கைப் போடக் கூடாது, அது எடைக்கேற்ப நகர்ந்து நிலைகொள்ள வேண்டும். அந்தந்தக் கருவியின் கையேட்டைப் பின்பற்றுங்கள்.

அம்மாவின் தோளை ஒரு மருத்துவர் பார்க்கட்டும். மூட்டு விலகியிருக்கிறதா, கை வீங்கியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இடது கெண்டைக்கால் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் தேய்த்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தக் கட்டியாக இருக்கலாம். உங்கள் இடுப்பு வலியோடு காலில் மரமரப்போ பலவீனமோ, தொடைகளுக்கு நடுவே உணர்வின்மையோ, சிறுநீர் கழிப்பதில் சிரமமோ வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். இவை இல்லாவிட்டாலும், வலி அடங்கும்வரை பெல்ட்டைப் பிடிக்கும் வேலை தம்பியுடையதாக இருக்கட்டும். பிசியோதெரபிஸ்ட் வரும்போது, நீங்கள் இருவரும் மாற்றுவதை அவர் எதிரிலேயே ஒருமுறை செய்துகாட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.