நண்பர்களோடு குழுவாக, இலையுதிர் காலத்தில் மலை விடுதிக்கு நடந்துபோய் இரவு தங்கியிருக்கிறீர்களா? எதைக் கவனிக்க வேண்டும்?

போயிருக்கிறேன், ஒரே ஒரு முறை. அட்லாண்டாவிலிருந்து எட்டுப் பேர், அக்டோபர் நடுவில், டென்னசியில் இருக்கும் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்கு. அங்கே லெகான்ட் மலை உச்சிக்குச் சற்றுக் கீழே லெகான்ட் லாட்ஜ் இருக்கிறது. லாட்ஜ் என்றதும் பேருந்து நிலையத்துக்கு எதிரில் 'ரூம் உண்டு' என்று பலகை தொங்கும் கட்டடம் மனதில் வந்தால் அழித்துவிடுங்கள். இது சுமார் 6400 அடி உயரத்தில் உள்ள மரக்குடில்களின் கூட்டம். பூங்கா அமைந்தது 1934-இல். லாட்ஜ் அதற்கும் முன்பு, 1926-இல் தொடங்கியது. சாலை கிடையாது, மின்சாரம் கிடையாது, குளிக்க வசதி கிடையாது. நடந்து போனால்தான் உண்டு.

இரவுக்கு அறுபது பேர்வரைதான் இடம் என்பதால் போட்டி அதிகம். நாங்கள் விண்ணப்பித்தபோது குலுக்கல் முறை. நாங்கள் சனிக்கிழமை கேட்டோம், வியாழக்கிழமை விழுந்தது. எட்டுப் பேரும் அலுவலகத்தில் விடுப்பு வாங்கியதே ஒரு தனி மலையேற்றம்.

சரி, எதைக் கவனிக்க வேண்டும்? பூட்ஸ், மழைக்கோட்டு பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: சாப்பாட்டுப் பை யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்.

மேலே போக ஐந்து பாதைகள். நாங்கள் எடுத்தது ஆலம் கேவ் பாதை. இருப்பதில் குறுகியது, ஆகவே செங்குத்து அதிகம். சுமார் 8 கிலோமீட்டர் நடையில் 2700 அடி ஏற வேண்டும். ஏற்பாட்டாளன் நான். எக்செல் எல்லாம் போட்டு யார் எதைச் சுமப்பது என்று பிரித்திருந்தேன். புளிசாதம் பலசாலியிடம் போகட்டும் என்று ஓட்டப் பந்தயங்களில் ஓடும் நண்பனின் முதுகில் ஏற்றியதுதான் என் அறிவு. "கேவ்ல உக்காந்து சாப்பிடலாம்" என்று எல்லாரிடமும் சொல்லியும் வைத்தேன்.

ஆலம் கேவ் பெயரில்தான் குகை. உண்மையில் அது மலைப்பாறை கூரைபோல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய இறவாரம். வெளியே தூறினாலும் அடியில் தரை மாவுபோல் உலர்ந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் இங்கே எப்சம் உப்பு எடுத்திருக்கிறார்கள். அன்று சாரல். அதன் அடியில் இருபது பேர் ஒதுங்கி நின்றார்கள். ஓட்டக்காரன் உட்பட முன்னால் போன மூன்று பேரும் அதைப் பார்த்து, யாரோ மழைக்கு நிற்கிறார்கள் என்று நினைத்து, குகையைத் தேடிக்கொண்டே மேலே போய்விட்டார்கள்.

நாங்கள் ஐந்து பேர் வந்து சேரும்போது மணி பன்னிரண்டரை. போனில் சிக்னல் இல்லை. எங்களிடம் இருந்தது பாதி தண்ணீரும் நான்கு பாதாமும். என் புது பூட்ஸ் வலது குதிகாலைக் கடித்துக் கொப்புளமாக்கியிருந்தது. அரைமணி காத்திருந்துவிட்டு ஏறத் தொடங்கினோம். அதற்குமேல்தான் பாதை கடினம். ஒரு பக்கம் ஈரப்பாறை, இன்னொரு பக்கம் சரிவு, பிடித்துக்கொள்ள பாறையில் இரும்புக் கம்பிவடம் அடித்திருக்கிறார்கள். பசியோடு அந்தக் குளிர்ந்த வடத்தைப் பிடித்துப் பிடித்து நகர்ந்தபோது மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

முக்கால் மணி கழித்து ஒரு வளைவில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். "மச்சி, குகையே வரலடா" என்றான் ஓட்டக்காரன். புளிசாதத்தைத் தொடவில்லை என்று சத்தியம் செய்தார்கள். அது உண்மைதான். நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட் மட்டும் காலி.

அங்கேயே எக்செலைக் கிழித்துப் போட்டோம். பை என்னிடம் வந்தது, நான் முன்னால். வேகமானவர்கள் பின்னால். முதலில் முணுமுணுத்தார்கள். ஆனால் மெதுவாக நடப்பவன் முன்னால் போனால் பின்னால் வருகிறவர்களுக்குப் பேச மூச்சு மிஞ்சுகிறது. சிரிப்புச் சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.

நிறம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். மஞ்சளும் சிவப்பும் பாதையின் கீழ்ப்பகுதியில்தான். மேலே போகப் போக ஸ்ப்ரூஸ், ஃபர் என்று ஊசியிலைக் காடு, எப்போதும் கரும்பச்சை. நடுவே சாம்பல் நிறத்தில் பட்டுப்போன மரங்கள் நிற்கும். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு சிறு பூச்சி உறிஞ்சிக் கொன்ற ஃபர் மரங்கள் அவை. மேகம் விலகும்போது கீழே பார்த்தால், நீங்கள் நடந்து வந்த காடு ஜமுக்காளம் விரித்ததுபோல் தெரியும்.

நாலரைக்குச் சேர்ந்தோம். அடிவாரத்தைவிட மேலே 10 முதல் 20 டிகிரி பாரன்ஹீட் வரை குறைவாக இருக்கும் என்று படித்திருந்தும் ஜீன்ஸில் போயிருந்தேன். நனைந்த ஜீன்ஸ் இரவு முழுக்கக் காயவில்லை. குடிலில் அடுக்குக் கட்டில், கனமான கம்பளி, சிறிய கேஸ் ஹீட்டர், ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, ஒரு பேசின். சமையலறைப் பக்கம் போய் வாளியில் வெந்நீர் பிடித்து வந்து பேசினில் ஊற்றிக் காலை வைத்தேன். ஆவி எழும்பிக் கண்ணாடி மங்கியது. விளக்கு வெளிச்சம் மட்டும் மஞ்சள் வட்டமாகத் தெரிந்தது. அந்தப் பத்து நிமிடத்துக்காகவே இன்னொரு முறை ஏறலாம்.

ஆறு மணிக்கு இரவுச் சாப்பாடு. மாட்டிறைச்சியும் குழம்பும், உருளைக்கிழங்கு மசியல், பீன்ஸ். சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; எங்களில் இரண்டு பேருக்குச் சொல்லியிருந்தோம். சாப்பிட்டதும் கிளிஃப் டாப்ஸ் என்ற பாறைக்குப் போய்ச் சூரிய அஸ்தமனம் பார்ப்பது வழக்கம். நாங்கள் பார்த்தது வெள்ளை மேகம். காலையில் மர்ட்டில் பாயின்ட்டில் உதயம் கிடைத்தது. அக்டோபரில் அங்கே விடிய ஏழரைக்கு மேல் ஆகிவிடும், காலை உணவு எட்டு மணிக்கு. ஓட்டமும் நடையுமாகத் திரும்பினோம்.

வியாழன் விழுந்ததில் ஒரு லாபம். வெள்ளிக்கிழமை காலை, வேறொரு பாதை வழியாக லாமாக்கள் (ஒட்டக இனத்தைச் சேர்ந்த சுமை விலங்குகள்) வரிசையாக ஏறி வந்தன. வாரத்தில் மூன்று நாள் சலவைத் துணியும் உணவுப் பொருளும் அவை முதுகில்தான் வருகின்றன. அழுக்குத் துணியும் குப்பையும் திரும்பப் போகின்றன. சாப்பாட்டுப் பையை யாரிடம் கொடுக்கலாம் என்று அங்கே உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றாள் மனைவி. முந்தைய நாள் மதியத்துக்குப் பிறகு அவள் போட்ட முதல் ஜோக்.

இறங்கும்போது மூச்சு வாங்காது, முழங்கால்தான் வாங்கும். ஊன்றுகோல் எடுத்துப் போங்கள். வீடு திரும்பி இரண்டு நாள், வெந்நீரில் எப்சம் உப்பைப் போட்டுக் காலை ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாக்கெட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குகை ஞாபகம் வந்தது.