நாஸுக்கு எச்சரிக்கை எதற்கெல்லாம் வைக்க வேண்டும்?

திருகோணமலையில் ஒரு அலுவலகம், நாலு டிஸ்க் போட்ட சினாலஜி நிறுவனத்தின் நாஸ் (எல்லாரும் நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி), அதைக் கண்காணிக்க ஸபிக்ஸ் என்ற மென்பொருள். நாளுக்கு அறுபது எச்சரிக்கை வருகிறது, டிஸ்க் ஒன்று போனது மட்டும் ஒரு கிழமை கழித்துத்தான் தெரிந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த அறுபதில் பெரும்பாலானவை ஒற்றைப் பிங் (‘இருக்கிறாயா’ என்று நாஸைக் கேட்கும் சிறு செய்தி) தவறியதற்கு வந்தவையாக இருக்கும். நிமிடத்துக்கு ஒரு பிங், அடுத்தடுத்து மூன்று தவறினால்தான் எச்சரிக்கை என்று மாற்றுங்கள். இடம் நிரம்புவதற்கான எச்சரிக்கை 85 சதவீதத்தில் எழுந்து, 80-க்குக் கீழே இறங்கினால் அணையட்டும்.

டிஸ்க்குக்கு எஸ்என்எம்பி வி3 போதும்; கருவிகளின் நிலையை நெட்வொர்க் வழியாகக் கேட்டறியும் முறை அது. 1.3.6.1.4.1.6574.3.1.1.3 என்ற ஓஐடி (எதைக் கேட்கிறோம் என்பதைக் குறிக்கும் எண்) ரெய்டின், அதாவது பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைத்த தொகுப்பின், நிலையைச் சொல்லும். 1 என்றால் சரி; 2 முதல் 10 வரை நடந்துகொண்டிருக்கும் வேலைகள்; 11 என்றால் டிஸ்க் குறைந்துவிட்டது; 12 என்றால் உடைந்தேவிட்டது. 11 வந்த உடனே ஃபோன் அடிக்க வேண்டும். ஒரு டிஸ்க் போனால் மட்டும் தாங்கும் ரெய்ட் 5-இல் அந்த நேரம் இன்னொரு டிஸ்க் போனால் மீட்க வழியில்லை.

பலர் கவனிக்காமல் விடுவது லிங்க் வேகம், அதாவது நாஸும் நெட்வொர்க் சுவிட்சும் கேபிளில் பேசிக்கொள்ளும் வேகம். உப்புக்காற்று படும் அறையில் கேபிள் தலையைக் கழற்றிப் பாருங்கள், பின்களில் பச்சை பூத்திருக்கும். ஜிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ் வேகம்) நாலு சோடிக் கம்பியும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டே போதும். மற்ற இரண்டில் ஒரு சோடி கெட்டால் லிங்க் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். பிங் அழகாக வரும், ஆனால் இரண்டரை மணித்தியாலத்தில் முடியும் ஒரு டெராபைட் பேக்கப் ஒரு நாள் முழுக்க ஓடும். ஆகவே சுவிட்ச் போர்ட்டின் வேகம் 1000-க்குக் கீழே வந்தாலோ சிஆர்சி பிழை (வழியில் சிதைந்து வந்த தரவின் எண்ணிக்கை) ஏறினாலோ எச்சரிக்கை வையுங்கள். டிராஃபிக்கை, அதாவது போர்ட்டில் எத்தனை பைட் போனது என்பதை, 64 பிட் கவுன்டரில் படியுங்கள். 32 பிட் என்றால் முழு ஜிகாபிட் வேகத்தில் 34 செக்கனில் சுற்றிப் பூச்சியத்துக்கு வந்துவிடும்.

சின்ன அலுவலகத்துக்கு ஸபிக்ஸ் எதற்கு, நாஸே ஈமெயில் அனுப்புமே என்பார்கள். கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் தீர்ந்தால் நாஸ் எதை அனுப்பும்? ரவுட்டர் விழுந்தால் ஸபிக்ஸும் ஊமைதான். அதனால் ஸபிக்ஸ் ஓடும் கணினியில் செருகிய 4ஜி டொங்கிள் (சிம் போடும் சின்ன மோடம்) வழியாக எஸ்எம்எஸ் வேண்டும். அங்கிருந்து வெளியே ஒரு சேவையகத்துக்கு ஐந்து நிமிடத்துக்கொரு துடிப்பு, ‘நான் இருக்கிறேன்’ என்ற சிறு செய்தி, போகட்டும்; துடிப்பு நின்றால் அது உங்களை எழுப்பும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். நாஸைப் பொருத்தித் தருகிறவர்கள் சிலர் அறிவிப்பு முகவரியில் தங்கள் சொந்த ஈமெயிலைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். காசு கொடுத்தவருக்குத் தன் டிஸ்க் செத்தது தெரியாது. இன்றைக்கே நாஸின் அமைப்புகளைத் திறந்து அந்த முகவரி யாருடையது என்று பாருங்கள். பிறகு வேலை முடிந்த நேரத்தில் நாஸின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, எஸ்எம்எஸ் எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று எண்ணுங்கள்.