சிவப்பு என்றால் கோபமா?

கேள்வி: மெக்சிகோ ஓவியர் ஃப்ரிடா காலோவின் ‘இரண்டு ஃப்ரிடாக்கள்’ ஓவியம் பற்றிய கட்டுரையில் சிவப்பு கோபம், வெள்ளை தூய்மை, பச்சை அமைதி என்று எழுதினேன். ஆசிரியை ஏற்கவில்லை. ஏன்?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: ஆசிரியை சொன்னது சரி. நிறத்துக்கென்று நிலையான பொருள் கிடையாது. காலோவே 1940களில் தன் நாட்குறிப்பில் மஞ்சளுக்குப் பைத்தியம், நோய், அச்சம் என்றும் எழுதினார். சூரியன், மகிழ்ச்சி என்றும் எழுதினார்.

ஓவியத்தில் இரண்டு ஃப்ரிடாக்கள் கைகோத்து அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். சிவப்பு எங்கிருந்து எங்கே போகிறது என்று விரல் வைத்துத் தொடருங்கள். வலப்பக்கத்தவள் கையில் காலோவின் கணவர் டியாகோ ரிவேராவின் குழந்தைப் பருவப் படம், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில். அதிலிருந்து கிளம்பும் ரத்தக்குழாய் இரு இதயங்களையும் இணைத்து, இடப்பக்கத்தவளின் மடியில் அறுபட்டு நிற்கிறது. அவள் அறுவைச் சிகிச்சை இடுக்கியால் இறுக்கியும் ரத்தம் சொட்டுகிறது. வெள்ளைப் பாவாடையின் கீழ்விளிம்பில் சிவப்புப் பூவேலை. எது பூ, எது ரத்தம் என்று கண் ஒரு கணம் தடுமாறும். எழுத வேண்டியது அந்தத் தடுமாற்றத்தைத்தான். இந்த ஓவியம் 1939-ஐச் சேர்ந்தது. காலோவும் ரிவேராவும் விவாகரத்துப் பெற்றதும் அதே ஆண்டில்.

பிறகு முகங்களைக் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள். திறந்த இதயமும் கொந்தளிக்கும் சாம்பல் மேகங்களும் மட்டும் மிஞ்சும். கையை எடுத்தால், கண்ணீர் இல்லாத இரண்டு முகங்கள் நம்மை நேராகப் பார்க்கும். இந்த முரணை விட்டுவிட்டு ‘சோக ஓவியம்’ என்று எழுதினால் பாதிதான் தேறும். பெண்ணிய வாசிப்புக்கு வலுவான சான்று, கோத்திருக்கும் அந்தக் கைகள்: அவளுக்குத் துணை அவளே.