அந்த இடத்தில் மரமே இருக்கட்டும்

கேள்வி: எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டை நாம் நினைவில்லமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறோம். டால்ஸ்டாய் பிறந்த இடத்தில் ஒரு மரமும் ஒரு கல்லும்தான் அடையாளமாமே! ரஷ்யர்கள் அந்த வீட்டைத் திரும்பக் கட்டியிருக்க வேண்டாமா?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: வேண்டாம். கட்டவே கூடாது என்பேன்.

எட்டயபுரத்து வீடு இருந்தது, காப்பாற்றினோம். யாஸ்னயா பொல்யானாவில் வீடு இல்லை. அது போனதற்குக் காரணம் போரோ தீயோ அல்ல, டால்ஸ்டாயேதான்.

துலா நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள அந்தப் பண்ணையின் நடு மாளிகையில் 1828இல் பிறந்தார். 1854இல், பட்டாளத்தில் இருந்தபோது, அந்த மாளிகையை விற்கச் செய்தார். வாங்கிய நிலக்கிழார் அதைப் பிரித்து எடுத்துப்போய் டோல்கோயே கிராமத்தில் மறுபடி நிறுத்திக்கொண்டார். விற்ற பணம்? அடுத்த ஜனவரியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் சீட்டாடித் தோற்றதையும், அதோடு யாஸ்னயா பொல்யானா வீடு போனதையும் நாட்குறிப்பில் அவரே எழுதி வைத்திருக்கிறார். அப்போது வயது 26.

மாளிகைக்கு இரண்டு பக்கமும் இருந்த சிறு கட்டடங்கள் மட்டும் மிஞ்சின. அதில் ஒன்றில்தான் குடித்தனம் நடத்தினார். பிள்ளைகள் பெருகப் பெருக அறைகளைச் சேர்த்துக் கட்டினார். நாம் 'போரும் வாழ்வும்' என்று தமிழில் படிக்கிற நாவலை எழுதியதும் அங்கேதான். வாசலில் இறங்கினால் கொஞ்ச தூரத்தில் அந்த வெற்றிடம். பின்னாளில் வசதி வந்தபோதும் அங்கே அவர் வீடு கட்டவில்லை. மரங்கள் வளர்ந்தன. இழந்ததைப் பார்த்துக்கொண்டே ஒரு மனிதர் அரை நூற்றாண்டு வாழ்ந்திருக்கிறார். அதை மூடி மறைக்க நமக்கு என்ன உரிமை?

அப்புறம் அந்த மரம். 'வெறும் மரம்' என்று நினைத்துவிடாதீர்கள். வயதான காலத்தில், எங்கே பிறந்தீர்கள் என்று கேட்டபோது, அங்கே ஓங்கி வளர்ந்திருந்த லார்ச் மரத்தின் உச்சியைக் கைநீட்டிக் காட்டினார் டால்ஸ்டாய். அந்தக் கிளைகள் இருக்கும் உயரத்தில்தான் அம்மாவின் அறை இருந்தது, அங்கேதான் பிறந்தேன் என்றார். லார்ச் ஊசியிலை மரம்தான், ஆனாலும் குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். அவருக்கு இரண்டு வயது நிறையும் முன்பே அம்மா இறந்துவிட்டார். முகம் நினைவில்லை. பார்த்துக்கொள்ள அம்மாவின் சிறுவயது நிழலுருவப் படம் ஒன்றுதான் இருந்தது. அந்தக் கிழவர் கிளைகளுக்கு நடுவே தேடியது எதை என்று யோசித்துப் பாருங்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து அதைக் கட்டிவிட முடியுமா?

உண்மையான பொருள் எதுவுமே இல்லையே என்று உங்களுக்குக் குறை இருந்தால், ஒன்று இருக்கிறது. அவர் பிறந்தது ஒரு தோல் சோபாவின் மேல். வீடு போன பிறகும் அந்தச் சோபாவை விடாமல் தன் எழுத்தறையில் வைத்திருந்தார். அவருடைய பிள்ளைகளில் பெரும்பாலோர் பிறந்ததும் அதில்தான். அருங்காட்சியகமாகிவிட்ட வீட்டில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

டோல்கோயேக்குப் போன வீடு என்ன ஆயிற்று என்கிறீர்களா? முதுமையில் ஒருமுறை அங்கே போய், சிதைந்து கிடந்த அதைப் பார்த்து நெகிழ்ந்திருக்கிறார். அவர் இறந்து மூன்று ஆண்டில், 1913இல், அதையும் பிரித்துப் போட்டுவிட்டார்கள். இன்றைக்கு எழுப்பினால் புது மரமும் புது ஓடும் போட்ட ஒரு நகலைத்தான் எழுப்ப முடியும். பேருந்தில் வந்து இறங்குகிறவர்களிடம் 'இந்த அறையில்தான் பிறந்தார்' என்று யாராவது சொல்லியாக வேண்டும். அது பொய். பொய்யை வாழ்நாள் முழுக்க வெறுத்தவருக்கு அவர் ஊரிலேயே இதைச் செய்யலாமா?

அங்கே உள்ள கல்லில், டால்ஸ்டாய் பிறந்த வீடு இந்த இடத்தில் இருந்தது என்று எழுதியிருக்கிறது. நீங்கள் போக வாய்த்தால் அதைப் படித்துவிட்டு உடனே நகர்ந்துவிடாதீர்கள். நிமிர்ந்து கிளைகளையும் ஒருமுறை பாருங்கள்.