மாஸ்டர்ஸ் முடித்தும் வேலை இல்லை: கிடங்கு வேலையா, ஊருக்குத் திரும்புவதா?

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரிதானா பாருங்கள். ஜெர்மனியில் கெம்னிட்ஸ் நகரில் ஆட்டோமோட்டிவ் மாஸ்டர்ஸ் முடித்து ஏழு மாதம் ஆகிறது. விண்ணப்பம் போட்ட இடத்திலெல்லாம் அப்ஸாகே (நிராகரிப்பு), இல்லாவிட்டால் பதிலே இல்லை. வேலை தேடும் அனுமதியில் 11 மாதம் மிச்சம். ஊரில் கல்விக் கடனுக்கு வட்டி ஏறுகிறது. கிடங்கு வேலைக்குப் போனால் கௌரவக் குறைச்சலா, பேசாமல் திரும்பிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

கிடங்கு வேலைக்குப் போங்கள். இந்த 18 மாத அனுமதியில் எந்த வேலையும் செய்யலாம். 2009-ல் நான் படிப்பை முடித்தபோது ஒரு வருடம்தான் கொடுத்தார்கள், வேலை செய்யவும் கட்டுப்பாடு உண்டு. 2012-ல்தான் இப்போதுள்ளபடி மாறியது. இதில் சம்பளத்தைவிடக் காப்பீடு முக்கியம். பல்கலைக்கழகத்திலிருந்து பெயரை எடுத்ததும் மாணவர் காப்பீட்டுச் சலுகை போய்விடும். வருமானமே இல்லாவிட்டாலும் மாதம் 200 யூரோவுக்கு மேல் கைக்காசு கட்ட வேண்டும். மினிஜாப் (மாதச் சம்பளம் மிகக் குறைவான சிறு வேலை) வரம்பைத் தாண்டிய வேலை என்றால் முதலாளியும் ஒரு பங்கு கட்டுவார். வெர்க்ஸ்டுடென்டாக, அதாவது படித்துக்கொண்டே வேலை செய்பவராக இருந்த காலத்தில் உங்கள் சம்பளத்தில் ஓய்வூதியத்துக்குப் பிடித்தார்கள், வேலையிழப்புக் காப்பீட்டுக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் இப்போது வேலையிழப்பு உதவித்தொகையாக ஒரு காசும் வராது. நிறையப் பேருக்குப் படிப்பு முடிந்த பிறகுதான் இது தெரிய வருகிறது. அதைப் பெறப் பொதுவாக 30 மாதத்துக்குள் 12 மாதம் அந்தக் காப்பீட்டுக்குக் கட்டியிருக்க வேண்டும்.

ஆனால் முழுநேர இரவு ஷிஃப்ட் வேண்டாம். நல்ல காசுதான், ஆனால் பகலெல்லாம் தூங்கிக் கழியும். அப்படியே அனுமதி முடியும்வரை பெட்டி அடுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். குறைந்தபட்சக் கூலி 2026 முதல் மணிக்கு 13.90 யூரோ. வாரம் 25 மணி நேரம் என்றால் மாதம் சுமார் 1,500 வரும். பிடித்தம் போனாலும் கெம்னிட்ஸில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தாங்கும். மியூனிக் என்றால் கதை வேறு.

வேலை கிடைக்காததற்கு உங்கள் மதிப்பெண்ணை நொந்துகொள்ளாதீர்கள். ஃபோக்ஸ்வாகன் 2030-க்குள் 35,000 வேலைகளைக் குறைக்க 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. பாஷ், இசட்.எஃப். போன்ற உதிரிபாகக் கம்பெனிகளிலும் ஆள்குறைப்புதான். 2025 ஆகஸ்டில் நாட்டில் வேலையில்லாதவர்கள் 30 லட்சத்தைத் தாண்டினார்கள், பத்து வருடத்தில் முதல் முறையாக. உள்ளே இருப்பவரைச் சட்டமும் சங்கமும் காப்பாற்றுகின்றன. அவரை எளிதில் அனுப்ப முடியாது. எனவே கம்பெனி முதலில் செய்வது புது ஆள் எடுப்பதை நிறுத்துவது. அடி உங்கள் வயதுக்காரர்கள் மேல் விழுகிறது, ஜெர்மன் பிள்ளைகள் உட்பட. நம்மவர்கள் பலர் முன்பு உள்ளே நுழைந்தது பெரிய கம்பெனிகளுக்கு ஆள் கொடுக்கும் இஞ்சினியரிங் சர்வீஸ் நிறுவனங்கள் வழியாக. செலவைக் குறைக்கும்போது அந்த ஒப்பந்தங்களில்தான் முதலில் கை வைப்பார்கள்.

'ஜெர்மனியில் ஆளே இல்லை' என்று ஊரில் கன்சல்டன்சிக்காரர்கள் சொன்னது முழுப் பொய் இல்லை. நர்ஸுக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் பற்றாக்குறை நிஜம். ஆங்கிலம் மட்டும் வைத்திருக்கும் சிமுலேஷன் இஞ்சினியருக்குப் பற்றாக்குறை இல்லை என்பதைச் சொன்னால் அவர்களுக்கு யார் ஃபீஸ் கட்டுவார்கள்?

அப்புறம், எல்லாரும் ஒரே பத்து கம்பெனி வாசலில் நிற்கிறீர்கள். டுட்லிங்கன் என்ற ஊரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அறுவைச் சிகிச்சைக் கருவி செய்யும் கம்பெனிகள் நிறைந்த சிற்றூர். ஹோஹென்லோஹே பக்கம் போனால் தொழிற்சாலை மின்விசிறி செய்பவர்கள். மோட்டார் கண்ட்ரோல், சென்சார், டெஸ்டிங் என்று நீங்கள் படித்தது அங்கே அப்படியே செல்லும். ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஈ காக்கை இருக்காது, பஸ் மணிக்கு ஒன்று, இந்தியக் கடைக்கு ரயில் ஏற வேண்டும். அதனால்தான் போட்டி குறைவு. விளம்பரத்தின் அடியில் ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் போட்டிருப்பார்கள். கூப்பிட்டுப் பேசுங்கள், இங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ப்ளூ கார்டு (குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்கும் பட்டதாரிக்கான அனுமதி) இல்லாவிட்டால் வேலையே இல்லை என்று நினைப்பவர்களும் உண்டு. புதுப் பட்டதாரிக்கு அதன் வருடச் சம்பள வரம்பு 2025-ல் 43,759.80 யூரோ, பிறகு ஏறியிருக்கிறது. சின்னக் கம்பெனி அதைத் தர முடியாது என்றால் விட்டுவிடாதீர்கள். பட்டதாரிக்கான சாதாரண வேலை அனுமதிக்கு உங்கள் வயதில் அப்படி ஒரு நிலையான வரம்பு கிடையாது. 2023 நவம்பரிலிருந்து வேலை உங்கள் பாடத்தோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பதும் இல்லை, தகுதி கேட்கும் வேலையாக இருந்தால் போதும். இங்கே பட்டம் வாங்கியவர் அதில் இரண்டு வருடம் ஓய்வூதியமும் கட்டி, பி1 (நடுத்தர அளவு) ஜெர்மனும் வைத்திருந்தால் நிரந்தர வதிவிடம் கேட்கலாம்.

கடன் விஷயத்தை அப்பாவிடம் மறைக்காதீர்கள். தவணை தொடங்கும் முன்பே வங்கிக்கு எழுதி அவகாசம் கேட்பது, தவறிய பிறகு கேட்பதைவிட எளிது.

நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்றுதான்: ஜெர்மன் எந்த அளவில் இருக்கிறது? பி1 தாண்டிவிட்டது என்றால் திரும்புகிற பேச்சே இப்போது வேண்டாம். அடுத்த படியான பி2 வகுப்பில் சேர்ந்துகொண்டு தெற்குப் பக்கச் சிற்றூர்களுக்கு விண்ணப்பம் போடுங்கள். இன்னும் அதற்குக் கீழ்ப்படியான ஏ2-தான் என்றால் இன்றிலிருந்து இரண்டு வேலையாகத் தேடுங்கள், இங்கே ஒன்று, ஊரில் ஒன்று. கோவையில் பாஷ், ஒரகடத்தில் டைம்லர் இருக்கின்றன. கையில் 11 மாதம் இருக்கும்போதே கேட்டு வையுங்கள். அனுமதி முடிகிற வாரத்தில் கேட்டால் கிடைத்ததை வாங்கிக்கொள்ள வேண்டிவரும்.